டெக்சாஸ் பன்றி வேட்டையும் நெடுங்கேணிப் பரணும்

டிசம்பர் வந்தால் வெள்ளவத்தையில் எதிர்ப்படுகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். போன டிசம்பரில் வந்தவர்களில் ஒருவன் என்னோடு உயர்தரம் படித்தவன். இப்போது டெக்சாஸில், சான் அந்தோனியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறான். மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி நாலு பேர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது போனை நீட்டினான். சாம்பல் நிறத் திரையில் பன்னிரண்டு வெள்ளை உருவங்கள் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. யாரோ மூன்று, இரண்டு, ஒன்று என்று மெல்ல எண்ணினார்கள். வெடிச் சத்தம். மூன்று உருவங்கள் விழுந்தன, மற்றவை சிதறி ஓடின.

“மூன்று கூட்டாளிகள், ஒரு பிக்கப், விடிய நாலு மணி வரைக்கும். இதைவிடப் பம்பல் வேற இல்லை மச்சான்.”

“சுட்டதை என்னடா செய்தாய்?” என்று புத்தளத்து நண்பன் கேட்டான்.

“ஒன்றை வெட்டி எடுத்தம். மிச்சம் அங்கேயே கிடக்கும், கழுகு தின்னும்.”

பன்றி இறைச்சியைத் தொடாத புத்தளத்தானுக்கே அது பொறுக்கவில்லை. மரை இறைச்சி வத்தலை மண்சட்டியில் மூடிவைத்து மாதக்கணக்கில் சாப்பிட்ட வன்னி வீடுகளைத் தெரிந்த எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. அப்புறம்தான் டெக்சாஸ்காரன் அந்தக் கேள்வியைக் கேட்டான்: “உன்ர மாமாவும் பன்றியாலதானே புலம்புறார்? இதை நெடுங்கேணியில செய்தால் என்ன?”

நெடுங்கேணி, மாமா பயிர் செய்கிற வன்னிக் கிராமம். சரிவராது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஏன் சரிவராது என்று நாலு வசனத்தில் சொல்லத் தெரியவில்லை. அதைவிடச் சங்கடமான ஒரு விஷயம் பிறகு யோசித்தபோது தட்டுப்பட்டது: பன்றியைக் குறைப்பதாகச் சொல்லப்படும் அந்த வேட்டை, டெக்சாஸிலேயே பன்றியைக் குறைக்கவில்லை.

முதலில் பன்றியைப் பற்றி. இரண்டையும் நாம் காட்டுப்பன்றி என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் இரண்டுக்கும் பூர்வீகம் வேறு. நெடுங்கேணிப் பன்றி இந்த மண்ணின் விலங்கு. இங்கே யாரும் நெல் விதைக்க முன்பே அது கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கண்டங்களிலோ முதலில் பன்றி இனமே கிடையாது. பன்றிபோலத் தெரியும் ஹவலீனா என்றொரு விலங்கு டெக்சாஸில் உண்டு, ஆனால் அது வேறு குடும்பம். 1493இல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் கரீபியன் தீவுகளுக்குப் பன்றிகளைக் கொண்டுபோனார். 1539இல் எர்னாண்டோ டி சோட்டோ புளோரிடாவில் இறங்கியபோது படையோடு பன்றிகளும் இறங்கின. சிப்பாய்களுக்கு அவை கூடவே நடந்து வருகிற சாப்பாடு. தப்பியவை காடேறின. (காடேறி என்றால் நம் ஊர்களில் ஒரு பேய். இவை செய்கிற அழிவுக்கு அந்தப் பெயரும் பொருந்தும்.) பிறகு வந்த குடியேறிகள் பன்றியை அடைக்காமல் காட்டில் அவிழ்த்துவிட்டே வளர்த்தார்கள். 1912இல் வடக்குக் கரோலினாவில் ஒரு மலையில், வேட்டைக்கென்றே ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து அடைத்தார்கள். அவையும் வேலியைத் தாண்டி, ஓடிப்போன வீட்டுப் பன்றிகளோடு கலந்தன. நண்பன் சுடுவது அந்தக் கலப்பின் வாரிசுகளைத்தான்.

இன்று அமெரிக்காவில் இவை 60 லட்சத்துக்கு மேல் என்று அந்நாட்டு விவசாயத் திணைக்களம் மதிப்பிடுகிறது. சுமார் 35 மாநிலங்களில் திரிகின்றன, டெக்சாஸில் மட்டும் 20 லட்சத்தைத் தாண்டும். ஆண்டுச் சேதம் 150 கோடி டொலர் என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள், இப்போது 250 கோடிக்கு மேல் என்கிறார்கள்.

சேதத்தில் பெரும்பங்கு வாயால் அல்ல, மூக்கால் வருவது. சிவனின் அடியைத் தேடித் திருமால் பன்றியாகி நிலத்தைக் குடைந்த கதை நமக்கெல்லாம் சமயபாடத்தில் வந்தது. அந்தக் கதையை முதலில் சொன்னவர் பன்றி புகுந்த தோட்டம் ஒன்றைக் காலையில் போய்ப் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும். விதைத்த சோளத்தை அது வரிசை பிடித்து, ஒவ்வொரு விதையாகக் கிளப்பித் தின்றுகொண்டே போகும். மாமாவின் காணியில் கச்சான், மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, பால் பிடிக்கிற நெல், நட்டு ஒரு வருடமான தென்னம்பிள்ளை என்று எதையும் விடுவதில்லை. தின்றது கால்வாசி, கிண்டிப் போட்டது முக்கால்வாசி என்பார்.

ஏன் இரவில் வருகிறது? பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்த்திக்கொள்ள வழியில்லை, அதனால்தான் சேற்றில் புரள்கிறது. வெயிலில் பற்றைக்குள் படுத்துக்கிடந்து, பொழுதுபட்டபின் இறங்கும். பகலில் யாராவது சுட்டாலோ துரத்தினாலோ இன்னும் இருட்டுக்குள் ஒதுங்கிவிடும். இரண்டு நாட்டுப் பன்றிக்கும் இது பொது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, குரங்கு, மயில் உள்ளிட்ட விலங்குகளை ஐந்து நிமிடத்தில் எண்ணிச் சொல்லும்படி இலங்கை முழுவதும் விவசாயிகளை அரசாங்கம் கேட்டதே, அந்த நேரத்தில் நெடுங்கேணிப் பன்றி நல்ல நித்திரையில் இருந்திருக்கும்.

இருட்டில் அதைக் காண்பதும் லேசில்லை. டோர்ச் அடித்தால் மான், மாடு, பூனையின் கண்கள் பளிச்சிடும். கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் வருகிற மினுக்கம் அது. பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. கறுத்த உடம்பு, மினுங்காத கண், குட்டையான கால். பழைய காலத்தில் டோர்ச்சோடு போனவர்களுக்குப் பன்றியைப் பார்க்க முதல் அதன் உறுமல்தான் கேட்டிருக்கும்.

டெக்சாஸில் இதை மாற்றியது தெர்மல் கருவி. இதையும் ‘நைட் விஷன்’ என்பதையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். நைட் விஷன், நிலவிலும் நட்சத்திரத்திலும் இருந்து வருகிற கொஞ்ச வெளிச்சத்தைப் பலமடங்காகப் பெருக்கிக் காட்டும். தெர்மலுக்கு வெளிச்சமே தேவையில்லை. தன் சூட்டுக்கேற்ப ஒவ்வொரு பொருளும் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிப் படமாக்கும். அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவாது என்பதால் அதன் வில்லையை ஜெர்மானியம் என்ற உலோகப்போலியில் செய்கிறார்கள், விலை எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணம். குளிர்ந்த வயலில் பன்றி வெள்ளையாக எரிந்து தெரியும். அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் ஏதோ உயிர் நிற்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

‘ஏதோ உயிர்’ என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். தெர்மல் சூட்டைக் காட்டும், முகத்தைக் காட்டாது. தூரத்தில் கன்றுக்குட்டியும் நாயும் பன்றியும் ஒரேமாதிரி வெள்ளைத் திட்டுகள். குனிந்திருக்கும் மனிதனும் அப்படித்தான். பின்புலத்தோடு ஒரே சூட்டில் இருக்கிற முட்கம்பி தெரியவே தெரியாது, நடந்துபோய்க் காலைக் கிழித்துக்கொண்ட கதையை நண்பனே சொன்னான். அதனால் ஒழுங்காக வேட்டையாடும் குழுவுக்குக் கறாரான விதிகள் உண்டு. எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும், யாரும் ஓரடி முன்னே போகக்கூடாது. பன்றிதான் என்று நிச்சயமாகத் தெரியும்வரை விசையில் விரல் வைக்கக்கூடாது. சன்னம் தவறினால் எங்கே போய் விழும் என்பதை முன்கூட்டியே பார்த்திருக்கவேண்டும். எண்ணிக்கை சொல்லி ஒன்றாகச் சுடுவது முதல் வெடியிலேயே கூட்டம் கலைந்துவிடும் என்பதால். காற்று பன்றியிடமிருந்து நம்மை நோக்கி வீசும் பக்கமாகத்தான் நெருங்கவேண்டும். பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு அபாரம். “காத்துப் பாத்துப் போகாட்டி வாலைத்தான் காணலாம்” என்று ஒரு தெர்மலையும் கண்டிராத மாமாவும் சொல்வார்.

சட்டமும் அங்கே இடம் கொடுக்கிறது. டெக்சாஸில் இந்தப் பன்றிக்குப் பருவம் இல்லை, எத்தனை சுடலாம் என்ற வரம்பு இல்லை, இரவு என்ற தடை இல்லை. 2019 செப்டம்பர் முதல், தனியார் காணியில் உரிமையாளரின் சம்மதம் இருந்தால் வேட்டை லைசன்கூட வேண்டாம். 2011இல் ஹெலிகொப்டரிலிருந்து சுடுவதற்குக் காசு கொடுத்துப் போக அனுமதித்தார்கள். 2017இல் வெப்பக்காற்றுப் பலூனிலிருந்தும் சுடலாம் என்று ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். பகிடி இல்லை, உண்மையாகவே.

இவ்வளவு இருந்தும் பன்றி ஏன் குறையவில்லை? பன்றியின் சினைக்காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று விவசாயிகள் கணக்கு வைத்திருப்பார்கள். ஓர் ஈற்றில் நாலு முதல் ஆறு குட்டி சாதாரணம், ஒரு வயது நிரம்ப முதலே பெட்டை சினைப்படும். எண்ணிக்கை கூடாமல் அப்படியே நிற்கவேண்டுமென்றாலே ஆண்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்றவேண்டும் என்று டெக்சாஸ் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நண்பனின் வீடியோவுக்குத் திரும்பிப் போவோம். பன்னிரண்டில் மூன்று. நல்ல இரவு என்றான், நல்ல இரவுதான். ஆனால் தப்பிய ஒன்பதும் மனிதர், வாகனம், சத்தம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு பக்கத்துக் காணிக்குப் போய்விட்டன. அவற்றில் சினைப் பெட்டைகள் இரண்டு இருந்தாலே அடுத்த பருவத்தில் கணக்கு சரிக்குச் சரியாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு, அது பன்றியின் குற்றமில்லை. வேட்டைக்குக் காசு கிடைக்கிறது. காணிக்காரர் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார், வழிகாட்டி வாங்குகிறார், தெர்மல் விற்கிறவர் வாங்குகிறார். பன்றி முற்றாக ஒழிந்தால் இவர்களுக்கு நட்டம். பன்றி இல்லாத இடங்களுக்கு வேட்டைப் பிரியர்களே லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் அவிழ்த்துவிட்டதும் அமெரிக்காவில் பன்றி பரவியதற்கு ஒரு முக்கிய காரணம். டென்னசி மாநிலம் 1999இல், எல்லோரும் வரம்பின்றிச் சுட்டால் குறைந்துவிடும் என்று வேட்டையைத் திறந்துவிட்டது. பன்றி முன்பு இல்லாத மாவட்டங்களுக்கெல்லாம் பரவியது. 2011இல் அந்த விளையாட்டு வேட்டையை நிறுத்தினார்கள். கன்சாஸ் அதற்கு முன்பே தடைசெய்திருந்தது. மிசூரியும் 2016இல் தன் வனப் பாதுகாப்பு நிலங்களில் தடைசெய்தது.

பலன் கொடுப்பது கூண்டு. அதில் பம்பல் கிடையாது. பெட்டைகளும் குட்டிகளுமாகத் திரியும் ஒரு கூட்டம் வழக்கமாக வரும் இடத்தில் சோளத்தைக் கொட்டுவார்கள். சில நாள் வெறுமனே தின்னவிடுவார்கள். பிறகு சுற்றிவரக் கம்பி வளைப்பார்கள், கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள். கமரா ஒன்று படத்தைப் போனுக்கு அனுப்பும். கூட்டத்தில் பதினாலு என்றால் பதினாலும் உள்ளே வரும்வரை காத்திருக்கவேண்டும். பதின்மூன்று வந்த இரவில் கை துடிக்கும், ஆனாலும் கதவை விழுத்தக்கூடாது. வெளியே நிற்கிற ஒன்று பார்த்துவிட்டால் அது இனி எந்தக் கூண்டுக்குள்ளும் கால் வைக்காது. இப்படி வாரக்கணக்கில் பொறுமையாக இருந்து முழுக் கூட்டத்தையும் ஒரேயடியாக எடுத்தால்தான் அந்தக் காணிக்கு நிம்மதி. இந்தக் கூண்டைச் சுற்றிச் சில இரவு யாரோ நாலு பேர் பம்பலுக்குச் சுட்டால் வேலை முழுவதும் வீண். மிசூரி தடை போட்டதற்கு அதுவே முதல் காரணம்.

இதையெல்லாம் சொன்னபோது நண்பன் சிரித்தான். “நாங்கள் பன்றியைக் குறைக்கப் போறம் என்று மனுசிக்குத்தான் சொல்றது” என்றான். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

இனி நெடுங்கேணி. டெக்சாஸ் நிலத்தில் 90 வீதத்துக்கு மேல் தனியாருடையது. இலங்கையில் தலைகீழ், 80 வீதமளவு அரச நிலம். அங்கே ஒரு காணிக்காரரின் சம்மதத்தோடு நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு நீங்கள்தான் ராஜா. இங்கே மாமாவின் மூன்று ஏக்கர் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது, அது அரசாங்கத்தினது. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு இல்லைதான். ஆனாலும் தேசியப் பூங்காவுக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ அதைச் சுடமுடியாது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. பன்றிக்கு அந்த எல்லை தெரியும்போல, வேலியில் கொள்ளி வெளிச்சம் கண்டால் சரியாக அந்தப் பக்கம் போய் நின்றுகொள்ளும்.

துவக்கு வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பயிர்க் காவலுக்கென்று சொட்கன் கேட்டுக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, அலையவேண்டும், கிடைத்தாலும் வருடாவருடம் லைசன் புதுப்பிக்கவேண்டும். போர் நடந்த ஊர்களில் இந்தப் படிவத்தை நிரப்பவே ஒரு தயக்கம் இருக்கிறது. வீட்டில் துவக்கு இருக்கிறது என்று ஓர் அலுவலகத்தில் பதிந்துவைக்க மாமா இன்றைக்கும் விரும்பமாட்டார், பன்றி எவ்வளவு தின்றாலும்.

ஆனால் காணியும் சட்டமும் இரண்டாம் பட்சம். நெடுங்கேணியில் செய்யமுடியாது என்பதற்கு எனக்குப் பட்ட முதல் காரணம் பரண். டெக்சாஸ் வயலில் இரவு பத்து மணிக்கு மனிதர் யாரும் இல்லை, தெர்மலில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் மிருகமாகத்தான் இருக்கும். எங்கள் ஊர்களில் பயிர் விளைகிற காலத்தில் இரவு வயல் நிறைய ஆள். ஒவ்வொரு காணிக்கும் ஒரு பரண், இல்லாவிட்டால் காவல் கொட்டில். யானைக்கும் பன்றிக்கும் விழித்திருந்து தகரம் தட்டுகிறவர்கள், பீடி பற்றவைக்க எழும்புகிறவர்கள், பக்கத்துக் கொட்டிலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிறவர்கள், விடியப்புறம் வயலுக்குள் குந்துகிறவர்கள். ரைபிள் சன்னம் மூன்று கிலோமீட்டரும் போகும். அந்தச் சாம்பல் திரையில் மாமாவும் ஒரு வெள்ளைத் திட்டுத்தான். தினைப்புனத்துக்குப் பரண் கட்டிப் பன்றி விரட்டிய சங்ககாலத்துக் குறவர்களிலிருந்து இன்றுவரை, இரவில் வயலில் மனிதன் கிடப்பதுதான் நம்முடைய பயிர்க் காவல். டெக்சாஸில் ஆளில்லை என்பதால்தான் அங்கே இரவு வேட்டை பொழுதுபோக்காக முடிகிறது.

அதற்காக இங்கே இரவு வேட்டை இல்லை என்று பொருளில்லை. ஆள் இல்லாமல் நடக்கும் வேட்டை இருக்கிறது, அது இன்னும் மோசம். பன்றிப் பாதையில் நூல் கட்டி இடியன் துவக்கைப் பொருத்திவிட்டுப் போவது கட்டுத்துவக்கு. நூலைத் தட்டுவது பன்றியா, விறகுக்குப் போன பெண்ணா என்று துவக்குக்குத் தெரியாது. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் இழுத்துவிடுவது இன்னொன்று, அதில் யானையும் விழுகிறது, கட்டியவரே விழுந்ததும் உண்டு. ‘ஹக்க பட்டாஸ்’ என்கிற பன்றிவெடி எல்லாவற்றையும் மிஞ்சியது. பூசணிக்காய்க்குள்ளோ கெக்கரிக்காய்க்குள்ளோ வெடிமருந்தை மறைத்து வைப்பார்கள். கடித்ததும் வெடிக்கும். பன்றி இறைச்சிக்காக வைப்பதை யானைக் குட்டி கடிக்கிறது. வாய் சிதைந்து, தின்ன முடியாமல், குடிக்க முடியாமல், நாட்கணக்கில் நின்று சாகிறது. இலங்கையில் யானைகள் சாவதற்கு முக்கிய காரணங்களில் இதுவும் ஒன்று.

மலையகத் தோட்டங்களில் வெடி குறைவு, சுருக்கு அதிகம். லயத்துக்குப் பின்னால் போட்ட மரக்கறித் தோட்டத் துண்டைக் காக்க சைக்கிள் கேபிளில் ஒரு சுருக்கு. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படியொரு சுருக்கில் கழுத்து மாட்டியது அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று. உயிரோடு மீட்டுச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், மூன்று நாளில் செத்துப்போனது. சுருக்கு வைத்தவரைத் திட்டுவது கொழும்பிலிருந்து சுலபம். அந்தத் துண்டில் விளைகிற போஞ்சிதான் அந்த வீட்டின் மேலதிக வருமானம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் திட்டு பாதியில் நின்றுவிடும். எனக்கு நின்றது.

இப்போது நோயும் சேர்ந்திருக்கிறது. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைப் பண்ணைகளில் கண்டறியப்பட்டது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கு மருந்து இல்லை. வீட்டுப் பன்றி, காட்டுப்பன்றி என்ற பேதமும் அதற்கு இல்லை. இந்தக் கிருமி செத்த உடலிலும் இறைச்சியிலும் நீண்ட நாள் உயிரோடு இருக்கும். 2021இல் டொமினிக்கன் குடியரசிலும் ஹெய்ட்டியிலும் அது தலைகாட்டியபோது அமெரிக்கா பதறியது சும்மா இல்லை. டெக்சாஸின் 20 லட்சம் பன்றிக்குள் அது புகுந்துவிட்டால், சுட்டுப்போட்டுவிட்டு வருகிற ஒவ்வொரு பிணமும் அடுத்த கூட்டத்துக்கு நோய் கொடுக்கும். கொன்றதை வயலில் விட்டுவருவதைக் கேட்டு எங்களுக்கு வந்த அருவருப்பு சாப்பாட்டைப் பற்றியது. மிருக வைத்தியர்களுக்கு அது வேறு விதமான பயம்.

மாமாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அவர் காணியைச் சுற்றி இப்போது இருப்பது மாமியின் பழைய சேலைகளால் கட்டிய வேலி, அதன் அடியில் சலூனிலிருந்து சாக்கில் அள்ளிவந்து தூவிய தலைமயிர். சேலை ஆடினால் பன்றி தயங்கும், மயிர் மூக்கில் ஏறினால் தும்மித் திரும்பும் என்பது நம்பிக்கை. ஒரு போகத்துக்குக் கேட்கும், அடுத்த போகத்தில் பழகிவிடும். டெக்சாஸ் கூட்டாளி துவக்கில் பூட்டுகிற ஒரு கண்ணாடி வைத்திருக்கிறான், இருட்டில் சூட்டைப் பார்க்கலாம் என்று விளக்கினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பன்றி கிடக்கட்டும், அதில யானை தெரியுமோ?”

நல்லாய்த் தெரியும், அரைக் கிலோமீட்டருக்கு முன்னமே தெரியும் என்றேன்.

“அப்ப துவக்கை அங்கேயே விட்டிட்டு அதை மட்டும் கழட்டிக்கொண்டு வரச்சொல்லு. மார்கழியில யானை வாற நேரம்.”

அப்படி நினைத்தவுடன் கொண்டுவரமுடியாது, அமெரிக்காவிலிருந்து அந்தச் சாமானை வெளியே எடுக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடு இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்க முன்பே, பின்னால் யாரோ தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு கதைப்பம் என்று வைத்துவிட்டார்.